உமியில் இருக்கும் கரியும் சிலிக்காவும்: காரீயத்தை நீரிலிருந்து பிரிக்கும் பொருளைச் செய்யத் தொடங்குவோருக்கு

ஒரு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிராம் உமி வரும். அதை வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்தால் 30 முதல் 40 கிராம் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஆற்றுமணலில் இருப்பதும் அதே சிலிக்காதான். தேங்காய்ச் சிரட்டையை எரித்துப் பாருங்கள், நூற்றுக்கு ஓரிரு பங்கு சாம்பல் தேறினாலே அதிகம். நுண்துளைக் கரி செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் சிரட்டையில்தான் கை வைக்கிறார்கள். கரியும் சிலிக்காவும் ஒன்றாய்ச் சேர்ந்த பொருள் வேண்டுமானால் உமிக்கு வாருங்கள். சிரட்டையிலோ மரத்தூளிலோ சிலிக்காவை நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உமியில் அந்த வேலையைப் பயிரே முடித்துக் கொடுத்துவிட்டது.

நெல்லின் வேர், மண்நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை இழுத்து மேலே அனுப்புகிறது. அதற்கென்றே வேரில் ஒரு கடத்திப் புரதம் இருப்பதை ஜப்பானின் ஒக்கயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006-ல் வெளியிட்டார்கள். மேலே போன சிலிக்கா, நீர் ஆவியாகும் இடங்களில் தங்கிவிடுகிறது, முக்கியமாக உமியின் வெளித்தோலில். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வெளிப்புறம் மக்காச்சோளக் கதிரைப்போல வரிசை வரிசையான புடைப்புகளாகத் தெரியும். முதல்முறை பார்க்கும்போது நெடுநேரம் கண்ணை எடுக்க முடியாது. உள்ளே இருப்பது செல்லுலோஸும் லிக்னினும். காற்றில்லாமல் சூடாக்கினால் இவை கரியாகும், சிலிக்கா அந்தக் கரிக்கு எலும்புபோல நிற்கும். இந்த அமைப்பை உடைக்காமல், அதிலுள்ள துளைகளை மட்டும் திறந்துவிடுவதுதான் நம் வேலை.

இந்த வழிகாட்டியை முதுகலை வேதியியலிலோ சுற்றுச்சூழல் பொறியியலிலோ திட்டப்பணி செய்யத் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆய்வகமும், நச்சுப்புகையை வெளியே இழுக்கும் புகைவாங்கி அறையும், கேட்டால் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டு மொட்டைமாடியில் இதைச் செய்யாதீர்கள். இதில் வடிகட்டிய நீரை யாருக்கும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். அது ஏன் என்பது பாதிக்குமேல் படிக்கும்போது தானே விளங்கும்.

எந்த உலோகம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

உமி வாங்கப் போவதற்குமுன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "கன உலோகம்" என்று ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, நீரில் அவை ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

காரீயம் (லெட்), காட்மியம், தாமிரம், நிக்கல் ஆகியவை நீரில் நேர்மின் அயனிகளாக இருக்கின்றன. சிலிக்காவின் பரப்பில் சிலிக்கானோடு ஒட்டிய ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. பிஹெச் (நீரின் அமில, கார அளவு) 2, 3-ஐத் தாண்டியதும் அந்தப் பரப்பு எதிர்மின் சுமை ஏற்கத் தொடங்குகிறது. கரியின் பரப்பிலும் கார்பாக்சில் போன்ற ஆக்சிஜன் தொகுதிகள் இருந்தால் அவையும் அப்படியே. நேர்மின் அயனி வந்து அங்கே ஒட்டிக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் இதைத்தான் பரப்புக் கவர்தல் என்று படித்திருப்பீர்கள். பஞ்சு நீரை உள்ளே உறிஞ்சுவது வேறு, இது வேறு. இங்கே எல்லாம் பரப்பில்தான் நடக்கிறது. அதனால்தான் துளைகள் வேண்டும்: துளை கூடினால் பரப்பு கூடும்.

ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எதிர்மின் அயனியாகத் திரிகிறது. ஆர்சனிக்கும் எதிர்மின் அயனியாகவோ சுமையே இல்லாத மூலக்கூறாகவோ இருக்கும். எதிர்மின் சுமையுள்ள சிலிக்கா எதிர்மின் அயனியைத் தள்ளிவிடும், சுமையில்லாததை ஈர்க்காது. குரோமியக் கழிவால் மாசுபட்ட ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் இந்தப் பொருளால் குரோமியத்தை எடுத்துவிடலாம் என்ற ஆசையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் 2006-ல் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஊர் அது. அந்த ஆசையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கரி நன்றாகப் பிடிப்பது பிஹெச் 2-ஐ ஒட்டிய கடும் அமிலத்தில்தான். ஊர்க் கிணற்றுநீர் அப்படி இருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. கரி அந்தக் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றி நீருக்கே திருப்பி அனுப்பிவிடும். டைபினைல்கார்பசைடு என்ற வினைப்பொருளைப் போட்டு 540 நானோமீட்டரில் பார்க்கிற சோதனைக்கு ஆறு இணைதிறன் மட்டுமே தெரியும். சிவப்பு நிறம் வராததைக் கண்டு முழுக்க நீங்கிவிட்டது என்று எழுதிவிடுவார்கள், குரோமியமோ நீரில்தான் இருக்கும். குரோமியத்தில்தான் வேலை செய்வேன் என்றால் மொத்தக் குரோமியத்தையும் சேர்த்து அளந்தே ஆக வேண்டும்.

ஆகவே புதிதாக வருகிறவர்கள் காரீயத்தில் தொடங்குங்கள். அதன் வேதியியல் ஓரளவு தெளிவானது, அளப்பதற்கும் வழி இருக்கிறது. மற்றவற்றைக் கை பழகிய பிறகு பார்க்கலாம். பாதரசத்துக்கு வேறு தந்திரம் வேண்டும். சிலிக்காவின் மேல் கந்தகத் தொகுதிகளை நட்டுப் பாதரசத்தைப் பிடிக்கும் பொருளை அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தினர் 1997-லேயே செய்து காட்டினார்கள்.

உமி

ஒரே ஆலை, ஒரே லோடு, ஒரே மூட்டை. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நெல்லின் ரகம், மண், உரம் ஆகியவற்றைப் பொறுத்து உமியின் சாம்பல் அளவு மாறும். பாதி வேலையில் உமி தீர்ந்துபோய் வேறு ஆலையில் வாங்கினால் பழைய முடிவுகளோடு ஒப்பிட வழியில்லாமல் போகும். ஐந்து கிலோ வாங்கிக் காயவைத்து மூடி வையுங்கள். பச்சரிசி உமியா புழுங்கல் உமியா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்காரர் பாய்லரில் எரிந்த கருஞ்சாம்பலைக் காட்டி, "இதுவும் உமிதானே, சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்பார். நல்ல மனத்தோடு சொல்வதுதான், ஆனால் அதில் தொடங்காதீர்கள். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. பாய்லர் சூட்டில் சிலிக்கா கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறியிருக்கலாம். அப்படி மாறினால் ஹைட்ராக்சில் தொகுதிகள் போய்விடும். அதைவிட மோசம், படிகச் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் நோயைத் தரும்.

வாங்கிய உமியைச் சலித்துக் குருணையையும் தவிட்டையும் நீக்குங்கள். குழாய்நீரில் மண் போகும்வரை அலசி, கடைசியில் வாலைவடிநீரில் இருமுறை அலசி, 105 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க உலர்த்துங்கள்.

அமிலத்தில் ஒரு கொதி

இந்தப் படியைப் பலர் தாவிவிடுகிறார்கள். உமியில் பொட்டாசியம் இருக்கிறது. சூட்டில் அது சிலிக்காவோடு சேர்ந்து குறைந்த வெப்பத்திலேயே உருகி, கரியின் மேல் கண்ணாடிப் பூச்சுபோல மூடிவிடும். சிலிக்கா படிகமாவதையும் அது முடுக்கிவிடும். முன்கூட்டியே அதைக் கழுவி எடுத்துவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

50 கிராம் உமி ஏறத்தாழ அரை லிட்டர் இடத்தை அடைக்கும், எனவே இரண்டு லிட்டர் பீக்கர் வேண்டும். ஒரு லிட்டர் ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தயாரிக்க, அடர் அமிலம் 85 மில்லிலிட்டர் அளவுக்குத் தேவைப்படும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. புகைவாங்கி அறைக்குள் 80, 90 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்து அவ்வப்போது கிளறுங்கள். நீர் பழுப்பாக மாறும். வடித்து, வாலைவடிநீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். அலசிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போல் திரளக்கூடாது. அதுவரை அலச வேண்டும். பிறகு உலர்த்திக்கொள்ளுங்கள்.

சரியாகக் கழுவினோமா என்று பார்க்க எளிய வழி ஒன்று: கழுவிய உமி ஒரு கிராம், கழுவாதது ஒரு கிராம், இரண்டையும் திறந்த மூசையில் (கடும் சூட்டைத் தாங்கும் பீங்கான் கிண்ணம்) 600 டிகிரியில் நான்கு மணிநேரம் எரியுங்கள். கழுவியது தும்பைப்பூபோல வெளுத்த சாம்பல் தரும். கழுவாததில் சாம்பல்நிறமும் கரும்புள்ளிகளும் நிற்கும். உருகிய பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட கரிதான் அந்தப் புள்ளிகள்.

கரியாக்குதல்

நைட்ரஜன் ஓடும் குழாய் உலை இருந்தால் நல்லது. பெரும்பாலான கல்லூரிகளில் மஃபிள் உலைதான் (மூடிய மின்சூளை) இருக்கும், அதிலும் செய்யலாம். மூடியுள்ள மூசையில் உமியை அழுத்தி நிரப்பி மூடுங்கள். அதை இன்னொரு பெரிய மூசைக்குள் வைத்து, இடைவெளியில் பழைய கரித்தூளைக் கொட்டி, பெரிய மூசையையும் மூடுங்கள். உள்ளே நுழையும் ஆக்சிஜனை அந்தக் கரித்தூள் தின்றுவிடும், உங்கள் உமி பிழைக்கும்.

நிமிடத்துக்கு 5 முதல் 10 டிகிரி ஏறும்படி வைத்து, 500 டிகிரியில் ஒரு மணிநேரம் நிறுத்துங்கள். 600-ஐத் தாண்ட வேண்டாம். சூடு கூடக் கூட ஆக்சிஜன் தொகுதிகள் கழன்றுகொண்டே போகும், நமக்கு அவைதான் வேண்டும். 300 டிகிரிக்குமேல் தாரும் புகையும் நிறைய வரும், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாசனை கிடையாது. உலையின் புகை வெளியே போகும் வழி இல்லையென்றால் அந்த அறையில் இதைச் செய்யாதீர்கள்.

அணைத்தபிறகு பொறுமை வேண்டும். ஒருமுறை நான் 200 டிகிரியிலேயே மூடியைத் திறந்துவிட்டேன். புதுக்கரி காற்றைக் கண்டதும் ஓரத்திலிருந்து கனன்று, கண்முன்னே பாதி சாம்பலாகியது. ஒரு வார வேலை போயிற்று. இரவு முழுக்க ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.

எடை பாருங்கள். 10 கிராம் உமிக்கு 3.5 முதல் 4 கிராம் கரி வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். அதற்கு மிகவும் குறைந்து, நிறமும் சாம்பல்பூத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. அந்தக் கரியில் ஒரு கிராமை எரித்துச் சாம்பல் அளவு பாருங்கள். 0.4 முதல் 0.5 கிராம் வரை வரும். ஆக, உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய பாதி கரி, பாதி சிலிக்கா. எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கருவி கிடைத்தால் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அது தரும் வரைபடத்தில் 22 டிகிரிக் கோணத்தை ஒட்டி அகன்ற மேடு தெரிந்தால் சிலிக்கா படிகமாகவில்லை. ஊசிபோல் கூர்முனை தெரிந்தால் அந்தத் தொகுதியை அரைக்காதீர்கள், தூசி கிளப்பாதீர்கள்.

துளைகளைப் பெருக்குதல்

வெறுமனே கரியாக்கியதில் பரப்பு குறைவாகத்தான் இருக்கும். பெருக்குவதற்குப் பல வழிகள் உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டால் மிகப் பெரிய பரப்பு கிடைக்கும் என்று கட்டுரைகளில் படித்து அதில் இறங்கிவிடாதீர்கள். காரம் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கையில் நல்ல கரி இருக்கும், கரி-சிலிக்கா இருக்காது. சிலிக்காவை வைத்துக்கொள்ள வேண்டுமானால் நீராவி, அல்லது பாஸ்பாரிக் அமிலம். எளிய ஆய்வகத்துக்குப் பாஸ்பாரிக் அமிலத்தைத்தான் பரிந்துரைப்பேன்.

இதைக் கரியில் தொடங்கக்கூடாது, கழுவி உலர்த்திய உமியில் தொடங்க வேண்டும். உமியைப் பொடித்துக்கொள்ளுங்கள். 20 கிராம் பொடிக்கு 85 சதவீத அமிலம் 14 மில்லிலிட்டர், அதை வாலைவடிநீரில் 80 மில்லிலிட்டராக்கி ஊற்றி ஊறவையுங்கள். எடைக்கு எடை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இது. மறுநாள் 110 டிகிரியில் உலர்த்தினால் கருத்துப் பிசுபிசுப்பாக வரும். அதை மேலே சொன்ன மூசை முறையில் 450 டிகிரியில் ஒரு மணிநேரம் வையுங்கள். அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது, பின்னால் கழுவும்போது அது விட்டுப்போன இடம் துளையாகிறது. பீங்கான் மூசையை இந்த அமிலம் மெல்ல அரிக்கும், எனவே இதற்கென்று தனி மூசை ஒதுக்குங்கள்.

இனி வருவதுதான் நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் இடம். கழுவுங்கள். வெந்நீரில் கழுவுங்கள். பிஹெச் 6-க்கு வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். கழுவிய நீரை எடுத்து, நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்கிப் பாருங்கள். மஞ்சள் வந்தால் பாஸ்பேட் இன்னும் கசிகிறது. கரியை நூறு மில்லிலிட்டர் நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை மறுபடி சோதியுங்கள். மஞ்சள் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். துளி பாஸ்பேட் நீரில் இருந்தாலும் காரீயம் அதோடு சேர்ந்து கரையாத உப்பாகக் கீழே இறங்கிவிடும். அளவில் அதுவும் "நீங்கிய காரீயம்" என்றே தெரியும், உங்கள் பொருள் எதையுமே பிடித்திருக்காது.

கழுவி உலர்த்தியதை மெதுவாக நசுக்கி, 50 மெஷ் சல்லடையில் கடந்து 100 மெஷ்ஷில் தங்கும் பகுதியை எடுங்கள். 150 முதல் 300 மைக்ரான் இருக்கும். முகக்கவசம் கட்டாயம். தூளை மீண்டும் ஒருமுறை அலசி உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலன்) வையுங்கள். பாட்டிலின் மேல் உமியின் மூட்டை எண், அமில விகிதம், சூடு, நேரம், தேதி எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். "கரி 2" என்று மட்டும் எழுதிய பாட்டிலால் மூன்று மாதம் கழித்து யாருக்கும் பயன் இல்லை.

சோதனை

வாலைவடிநீரில் 1.598 கிராம் லெட் நைட்ரேட்டைக் கரைத்து, சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 1000 மி.கி. காரீயமுள்ள மூலக்கரைசல் கிடைக்கும். குழாய்நீரில் கரைக்காதீர்கள், அதிலுள்ள கார்பனேட்டும் சல்பேட்டும் காரீயத்தை அப்போதே வீழ்படிவாக்கிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பேனாவையும் கைப்பேசியையும் அந்தக் கையால் தொடாதீர்கள்.

கண்ணாடிச் சுவரில் காரீயம் ஒட்டும். பாலிபுரப்பிலீன் பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து அலசி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சோதனைக்கு ஒவ்வொன்றிலும் லிட்டருக்கு 50 மி.கி. காரீயமுள்ள கரைசல் 50 மில்லிலிட்டர், கரி-சிலிக்கா 0.1 கிராம். பிஹெச்சை 5-க்குக் கொண்டுவாருங்கள். நீர்த்த நைட்ரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் போதும். சல்பியூரிக் அமிலமோ பாஸ்பேட் பஃபரோ பக்கத்தில்கூட வரக்கூடாது. ஷேக்கரில் நிமிடத்துக்கு 150 சுற்று வைத்து, 5, 10, 20, 30, 60, 120, 240 நிமிடங்களில் ஒவ்வொரு பாட்டிலாக எடுங்கள். எப்போதிலிருந்து அளவு மாறாமல் நிற்கிறதோ அதுவே சமநிலைக்குத் தேவையான நேரம். வடிதாளும் காரீயத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், ஆகையால் மையவிலக்கிப் பிரிப்பதே மேல். தாளைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் வடிகிற பத்து மில்லிலிட்டரைக் கழிவுப் பாட்டிலில் விடுங்கள்.

என் முதல் திட்டப்பணியில் காரீயம் 99 சதவீதத்துக்குமேல் நீங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். நான் அப்போது அமிலத்தில் கழுவாத உமிக்கரியைப் பயன்படுத்தியிருந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் குலுக்கி முடித்த கரைசலின் பிஹெச்சை அளக்கத் தோன்றியது. 8-ஐத் தாண்டியிருந்தது. கரியிலிருந்த கார உப்புகள் கரைந்து பிஹெச்சை ஏற்றியிருந்தன. அந்த பிஹெச்சில் காரீயம் ஹைட்ராக்சைடாகத் தானே வீழ்ந்துவிடும். கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டிருந்தாலும் அதே 99 சதவீதம் வந்திருக்கும். எழுதிய அட்டவணைகள் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுத் திரும்பத் தொடங்கினேன். இன்றும் யாராவது 99 என்று சொன்னால், கடைசி பிஹெச் என்ன என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அதனால் ஒவ்வொரு சோதனையோடும் மூன்று ஒப்பீட்டுப் பாட்டில்களைச் சேர்த்து வையுங்கள். முதலாவதில் காரீயக் கரைசல் மட்டும், கரி கிடையாது. சுவரில் எவ்வளவு போகிறது என்று அது சொல்லும். இரண்டாவதில் வாலைவடிநீரும் கரியும். கரியிலிருந்து என்ன கசிகிறது, பிஹெச் எவ்வளவு ஏறுகிறது என்பது அதில் தெரியும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் மிக முக்கியம். இரண்டாவது பாட்டிலில் வடித்த தெளிந்த நீரை எடுத்து அதில் காரீயத்தைச் சேருங்கள். இப்போது கரியே இல்லை. அப்படியிருந்தும் காரீயம் குறைந்தால், நீங்கள் பரப்புக் கவர்தல் என்று நினைத்தது வீழ்படிவு. திரும்பக் கழுவும் வேலைக்குப் போங்கள்.

அளப்பதற்கு ஏ.ஏ.எஸ். (அணு உட்கவர் நிறமாலைமானி) கருவியில் 283.3 நானோமீட்டர் வரியைப் பயன்படுத்தலாம். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் கட்டணத்துக்கு அளந்து தரும் இடங்களுக்கு அனுப்புங்கள். அனுப்பும் மாதிரிகளில் ஒன்றிரண்டு, அளவு உங்களுக்கு மட்டும் தெரிந்த கரைசலாக இருக்கட்டும்.

92 சதவீதம் என்றால் என்ன?

தொடக்கத்தில் லிட்டருக்கு 50 மி.கி., முடிவில் 4 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். நீங்கியது 92 சதவீதம். ஒரு கிராம் பொருள் பிடித்தது எவ்வளவு? 46-ஐ 0.05 லிட்டரால் பெருக்கி 0.1 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 23 மி.கி. அட்டவணைக்கு அழகான எண்கள்தான்.

இப்போது நீரின் பக்கமிருந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, காரீயத்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மி.கி. உங்கள் நீரில் மிஞ்சியிருப்பது 4 மி.கி., அனுமதித்ததைப்போல 400 மடங்கு. காட்மியத்துக்கு வரம்பு இன்னும் கடுமை, 0.003. வடிகட்டிய நீரை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். ஒரு குழந்தையின் உடலுக்குள் போவது நாம் நீக்கிய 92 பங்கு இல்லை, மிஞ்சிய 8 பங்குதான்.

சதவீதத்தை நாம் விரும்பியபடி ஏற்றவும் முடியும். 0.1 கிராமுக்குப் பதிலாக ஒரு கிராம் போட்டால் சதவீதம் ஏறும், கிராமுக்குப் பிடிக்கும் அளவு இறங்கும். குறைந்த செறிவில் தொடங்கினாலும் சதவீதம் ஏறும். ஆகவே உங்கள் அறிக்கையில் மூன்று எண்கள் ஒன்றாக வர வேண்டும்: கிராமுக்கு எவ்வளவு பிடித்தது, நீரில் எவ்வளவு மிஞ்சியது, கடைசி பிஹெச் எவ்வளவு.

5-லிருந்து 200 மி.கி. வரை ஏழெட்டுச் செறிவுகளில் செய்து, சமநிலைச் செறிவுக்கு எதிராகக் கிராமுக்குப் பிடித்த அளவை வரையுங்கள். இர்விங் லாங்மியூர் 1918-ல் தந்த சமன்பாடு, ஒரே வகையான இடங்களில் ஒரே அடுக்காக ஒட்டுவதாக எடுத்துக்கொள்கிறது. ஃபிராய்ண்ட்லிஷின் சமன்பாடு பலவகை இடங்களுக்குப் பொருந்தும். கரியும் சிலிக்காவும் கலந்த பரப்பில் இடங்கள் ஒரே வகையாக இருக்க முடியாது. எனவே லாங்மியூர் கோடு நன்றாகப் பொருந்திவிட்டது என்பதற்காக "ஒற்றை அடுக்கு நிரூபணமானது" என்று எழுதாதீர்கள். கோடு பொருந்தியது, அவ்வளவுதான் சொல்லலாம். நமக்கு உண்மையில் வேண்டிய தகவல் அந்த வரைபடத்தின் இடதுகோடியில், குறைந்த செறிவுகளில் இருக்கிறது. குடிநீருக்கு அருகே வரும் இடம் அதுதான். பெரும்பாலான மாணவர்கள் அங்கே ஒரு புள்ளிகூட வைப்பதில்லை.

அடுத்து வாலைவடிநீரை விட்டுவிட்டு ஒரு ஆழ்துளைக் கிணற்று நீரில் செய்து பாருங்கள். பிஹெச்சைக் குறைத்துக் கார்பனேட்டை வெளியேற்றிய பின் காரீயம் சேர்க்க வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் காரீயத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும், அதே இடங்களுக்குப் போட்டி போடும். எண் இறங்கும். இறங்கிய எண்ணையே எழுதுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இன்னொருவர் அடுத்த அடி வைக்க முடியும்.

குழாயில் நிரப்பி ஓடவிட

இரண்டரை சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிக் குழாயின் அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்து, அதன்மேல் பொருளை நிரப்பலாம். உலர்ந்ததை அப்படியே கொட்டினால் மிதக்கும், இடையில் காற்றுக்குமிழி நிற்கும், நீர் ஒரே பக்கமாக வழிந்து ஓடிவிடும். முதலில் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து மூழ்கவிட்டு, ஈரத்தோடு ஊற்றி நிரப்புங்கள். மேலிருந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று மில்லிலிட்டர் விட்டு, வெளிவருவதைச் சீரான இடைவெளியில் பிடித்து அளங்கள். வெளிவரும் நீர் வரம்பைத் தாண்டும் கணம் வரைக்கும் ஓடிய அளவே அந்தக் குழாயின் ஆயுள்.

பயன்படுத்திய பொருள்

0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் குலுக்கினால் பிடித்த காரீயத்தில் பெரும்பங்கு கழன்று வரும். பொருளைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஐந்து சுற்று செய்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஆனால் காரீயம் எங்கும் மறைந்துவிடவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. முதலில் நீரில் இருந்தது, பிறகு கரிக்கு வந்தது, இப்போது அமிலத்தில் இருக்கிறது.

அதைச் சிங்கில் ஊற்றினால் இத்தனை நாள் செய்த வேலைக்கு நேர் எதிரானதைச் செய்கிறீர்கள். அமிலக் கரைசலில் சோடியம் கார்பனேட் சிறிது சிறிதாகச் சேருங்கள், நுரைத்து அடங்கும். காரீயம் வெள்ளை வீழ்படிவாக இறங்கும். அதை வடித்துத் தனிப் பாட்டிலிலும், தீர்ந்துபோன கரியை இன்னொரு பாட்டிலிலும் போடுங்கள். வடித்த நீரையும் அளந்து பார்க்காமல் விடாதீர்கள். கரியைக் குப்பைத் தொட்டியிலோ கல்லூரித் தோட்டத்திலோ போடக்கூடாது. மழைநீரின் லேசான அமிலமே காரீயத்தை மெல்லக் கழற்றிவிடும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிற பொருள் இது. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் இத்தகைய கழிவுகளுக்கான பொது நிலையம் இருக்கிறது. உங்கள் துறையில் கழிவைப் பொறுப்பேற்று அனுப்புகிறவர் யார் என்று வேலையைத் தொடங்கும் நாளிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் மேல் "காரீயம் உள்ளது" என்று தமிழில் பெரிதாக எழுதி, எடையையும் தேதியையும் போட்டு, ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்க வரும் அக்காவிடம் காட்டி, இதைத் தொட வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள்.